வலது தோள்

பேருந்து நிலையத்தில் அவள் குரலைத் தெரியாதவர்கள் இல்லை. முகத்தைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். நடைமேடைகளுக்கு நடுவில் கண்ணாடி அடைத்த ஒரு சின்ன அறை. உள்ளே மேசை, மைக், தலையை ஆட்டி ஆட்டிச் சுற்றும் மின்விசிறி. "பயணிகள் கவனத்திற்கு" என்று அவள் தொடங்கியதும் ஓடிக்கொண்டிருந்தவர்கள் நிற்பார்கள், நின்றுகொண்டிருந்தவர்கள் ஓடுவார்கள். மைக்கம்மா என்றுதான் அவளைக் கூப்பிட்டார்கள். கடையில் அவள் அரை கிலோ வெங்காயம் கேட்டால், பக்கத்தில் நிற்பவர் தன்னையறியாமல் கீழே வைத்த பையைத் தூக்கிக்கொள்வார்.

கணவன் ராணுவத்தில் லாரி ஓட்டினான். பெரும்பாலும் மலைப் பாதைகளில். வருடத்துக்கு ஒருமுறை, மேலதிகாரி நல்ல மனநிலையில் இருந்தால் இரண்டு முறை, வருவான். வீட்டில் அவனுக்கு லீவுக்காரர் என்று பெயர். ஒரே மகள், அவள் வாலு. பேச்சு வந்த புதிதில் லீவு என்பது ஒரு வண்டி என்று வாலு நினைத்திருந்தாள். மற்றவர்களின் அப்பாக்கள் பஸ்ஸுல வருவார்கள், ரயில்ல வருவார்கள். அவள் அப்பா லீவுல வருவார். ஒருநாள் அம்மாவோடு பேருந்து நிலையத்துக்குப் போனவள் டைம்கீப்பரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, லீவு எந்த நடைமேடைக்கு வரும்?"

டைம்கீப்பர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். "அந்த வண்டியைத்தான் பாப்பா நானும் ரொம்ப வருஷமாப் பாத்துட்டிருக்கேன். எப்பவும் லேட்டு."

வாலு நடக்கத் தொடங்கியபோது அவன் ஏதோ ஒரு மலையில் இருந்தான். வந்தபோது குழந்தை அறைக்கு அறை ஓடிக்கொண்டிருந்தது. வாசற்படிக்குள் பெட்டியை இறக்கிவிட்டு, அதன் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்று பார்த்தான்.

"நடக்க ஆரம்பிச்சுட்டாளா?"

குரலில் சந்தோஷம்தான். ஆனால் கை பெட்டியை விடவில்லை. அவள் குழந்தையைத் தூக்கிச் சுவரோரம் உட்காரவைத்தாள். சமையலறையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துவந்து வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"பயணிகள் கவனத்திற்கு. சுவரிலிருந்து நாற்காலி வழியாக அப்பா வரை செல்லும் பாப்பா, இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்."

குழந்தை சுவரைப் பிடித்து எழுந்தது. நடந்தது. அவன் கைதட்டினான். கைதட்ட வேண்டுமென்றால் பெட்டியை விட்டுத்தானே ஆகவேண்டும்.

அன்று தொடங்கியது. அந்த வீட்டில் எதுவானாலும் இரண்டு தடவை நடந்தது. நடக்கும்போது ஒருமுறை, அவன் வந்தபிறகு ஒருமுறை. அம்மாவும் மகளும் அதை ரெண்டாம் காட்சி என்றார்கள். முதல் பல் விழுந்தது. பல்லைத் தீப்பெட்டியில் வைத்துக் காத்திருந்து, அப்பா வந்ததும் வாலு அதை உதட்டுக்குள் மறைத்துவைத்துக்கொண்டு "ஆ" என்று வலியோடு பிடுங்கிக் காட்டினாள். பள்ளிக்கூடத்தின் முதல் நாள் நடு வருடத்தில் இன்னொரு தடவை வந்தது. வாசலில் இருந்த காவலாளியிடம் மைக்கம்மா முந்தின நாளே சொல்லி வைத்திருந்தாள். அவரும் சளைத்தவர் இல்லை. தினமும் பார்க்கும் பிள்ளையை அன்றைக்குத்தான் பார்ப்பதுபோல் குனிந்து, "புதுப் பாப்பாவா? அழக்கூடாது, என்ன?" என்றார். வாலு அவர் காதில், "தாத்தா, அன்னைக்கு நான் அழவே இல்ல. மாத்திச் சொல்றீங்க" என்றாள்.

மாடிவீட்டு அக்காதான் எல்லாக் காட்சிக்கும் முதல் வரிசை. "டைரக்டரம்மா, இன்னைக்கு என்ன படம்?" என்று மேலிருந்தே கேட்டுக்கொண்டு இறங்கி வருவாள்.

முதல் காட்சியைவிட இரண்டாம் காட்சி எப்போதும் நன்றாக இருந்தது. அதில் யாரும் விழமாட்டார்கள். சைக்கிள் பழகியபோது வாலு சாக்கடைக்குள் போனாள். தாடையில் தையல் போட்டார்கள். தையல் போட்டுக்கொண்டிருந்த நர்ஸின் கையை வாலு கடித்தாள். அவன் வந்தபோது அவன் பார்த்தது, தெருமுனைவரை போய்த் திரும்பி, ஒரு கையை விட்டு வணக்கம் வைத்துக்கொண்டே வரும் மகளை.

இரவுச் சாப்பாட்டின்போது மகளின் முகத்தை விளக்குப் பக்கமாகத் திருப்பிப் பார்த்தான். "இது என்ன தழும்பு?"

"அது கட் பண்ணின சீன்" என்றாள் மைக்கம்மா.

"அதையும் காட்டலாமில்ல?"

"எதுக்கு? அங்க போய் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அதையே நினைச்சுக்கிட்டிருக்கவா? வளைவுக்கு வளைவு பள்ளம்னு யார் சொன்னது? பக்கத்து வீட்டுக்காரரா?"

அவன் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஒத்துக்கொண்டான் என்று அவள் நினைத்தாள்.

வெட்டியவை நிறைய. ஒரு வருடம் மலையில் பாதை சரிந்தது. ராணுவ வண்டிகள் சில மண்ணுக்குள் போய்விட்டதாகக் காலையில் வானொலி சொன்னது. எந்த வண்டிகள் என்று சொல்லவில்லை. பள்ளிக்கு விடுமுறை, வாலு அறிவிப்பு அறையில் மேசைக்கு அடியில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். மைக்கம்மா அன்றைக்கு எல்லாப் பேருந்தையும் அறிவித்தாள். மைக்கை அணைத்துவிட்டு அழுதாள், முகத்தைத் துடைத்துவிட்டு மைக்கைப் போட்டாள். டைம்கீப்பர் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்று, "வீட்டுக்குப் போங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று சைகை காட்டினார். அவள் தலையாட்டி மறுத்தாள். வீட்டில் மைக் இல்லை. மறுநாள் அவன் தொலைபேசியில் பேசினான். ஒன்றும் ஆகவில்லை, தன்னுடைய வண்டி பின்னால்தான் இருந்தது, சாப்பிட்டாயா என்று கேட்டான். சாப்பிட்டோம் என்றாள். அதுவும் வெட்டப்பட்டது.

ராணுவத்தில் இருப்பவர்களைக் கௌரவிக்கும் நாள் என்று வருடத்தில் ஒன்று வரும். ஒருமுறை பேருந்து நிலையத்தில் மேடை போட்டார்கள். ஊழியர்களின் வீடுகளில் யார் யார் படையில் இருக்கிறார்கள் என்று விசாரித்து, குடும்பத்துக்கு ஒரு கேடயம் தருவது என்று முடிவு. பெயர்களை அறிவிக்க வேண்டியவள் அவள்தான். தன் பெயரையும் அவளே அறிவித்தாள். மைக்கை வைத்துவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு, மேடையைச் சுற்றிப் போய், மேனேஜரிடம் கேடயத்தை வாங்கி, திரும்பி வந்து, அறையைத் திறந்து, மூன்றாம் நடைமேடையில் புறப்படத் தயாராக இருந்த வண்டியை அறிவித்தாள். மேனேஜர் பேசும்போது, எல்லையில் கண்ணிமைக்காமல் காவல் நிற்பவர்கள் என்றார். அவள் கணவன் அந்நேரம் ஏதாவது லாரிக்கு அடியில் படுத்து, முகமெல்லாம் கிரீஸாக, யாரையாவது திட்டிக்கொண்டிருப்பான். அதற்கு ஒரு கேடயம் தரலாம் என்று அவளுக்கும் தோன்றியது.

அவன் வந்ததும் அதற்கும் இரண்டாம் காட்சி. வாலுதான் இந்த முறை கரண்டியை எடுத்தாள்.

"அப்பா, நீங்க மேனேஜர். கேடயத்தை அம்மாகிட்டக் குடுக்கணும். அதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை பேசணும்."

பனியனோடு உட்கார்ந்திருந்தவன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். பொத்தான்களைப் போட்டான். கேடயத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றான். "வந்து..." என்றான். மாடிவீட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். கேடயத்தைக் கொடுத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். விடவில்லை.

"மேனேஜர் இவ்வளவு நேரம் பிடிக்கல" என்றாள் மைக்கம்மா.

"மேனேஜருக்கு என்ன தெரியும்?" என்றான் அவன்.

வருடங்கள் இப்படிப் போயின. அவன் ஓய்வு பெற்று வந்து, பள்ளிக்கூட வேன் ஓட்டத் தொடங்கினான். லீவுக்காரர் என்ற பெயர் மட்டும் போகவில்லை. அவன் வந்த கொஞ்ச நாளில் வாலு கிளம்பினாள். ராணுவத்தில் அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வாகியிருந்தாள். "லாரி ஓட்டினவர் மகள் லாரிக்கு உத்தரவு போடப் போறா" என்று மாடிவீட்டு அக்கா தெருவெல்லாம் சொன்னாள். அவன் அதைக் கேட்டுக்கொண்டு வேனைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைத்த இடத்தையே துடைத்தான்.

பயிற்சி முடியும் அணிவகுப்புக்கு இன்னும் மாதங்கள் இருக்கும்போதே வாலு தொலைபேசியில் சொன்னாள்: அன்றைக்குத் தோளில் நட்சத்திரம் குத்துவது அதிகாரிகள் இல்லை, பெற்றோர்கள். இடது தோளுக்கு அப்பா. வலது தோளுக்கு அம்மா.

"இதுக்கு ரெண்டாம் காட்சி வேண்டாம்மா. ரெண்டு பேருமே முதல் காட்சிக்கு வாங்க."

அவனுடைய பழைய சீருடைச் சட்டை ஒன்று பெட்டியில் இருந்தது. அதை நாற்காலியின் முதுகில் மாட்டினாள். அவன் எங்கிருந்தோ ஒரு நட்சத்திரம் வாங்கி வந்தான். பின்னால் சின்னத் திருகு. துணிக்கு மேலே நட்சத்திரம், கீழே திருகு, நடுவில் விரல். சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் நாற்காலியின் வலது தோளில் குத்திப் பழகினாள். அவன் தள்ளி நின்று பார்த்து, "கோணல்" என்பான். அவள் கழற்றிவிட்டு மறுபடி குத்துவாள். "இப்பவும் கோணல்." "உங்க நாற்காலி கோணல்."

அந்தச் சமயத்தில்தான் குரல் கெட்டது. முதலில் கரகரப்பு. பிறகு நீளமான ஊர்ப் பெயர்கள் நடுவில் அறுந்தன. டைம்கீப்பர் கண்ணாடியைத் தட்டி, "மைக்கம்மா, வண்டியெல்லாம் பிரேக் போட்ட மாதிரிக் கேக்குதே" என்றார். மருத்துவர் குழாயை விட்டுப் பார்த்தார். குரல் நாணில் சின்னதாக ஒரு கட்டி. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் எடுத்துவிட வேண்டும். எடுத்தபிறகு பேசக்கூடாது. முணுமுணுக்கவும் கூடாது. சிரித்தால்கூடச் சத்தமில்லாமல் சிரிக்க வேண்டும்.

அணிவகுப்புக்குள் எல்லாம் ஆறிவிடும்படி நாள் பார்த்து அறுவை சிகிச்சை செய்துகொண்டாள். அவள் கணக்கு சரிதான். வீட்டுக்கு வந்த மறுநாள் அணிவகுப்புத் தேதியை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

"ராணுவம் அப்படித்தான்" என்றான் அவன். "கேட்டுட்டுச் செய்யாது."

அவள் பேசாமல் இருக்கத் தொடங்கியதிலிருந்து மேசையில் ஒரு டம்ளரும் ஸ்பூனும் இருந்தன. ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை. டம்ளரைக் கவிழ்த்துவைத்தால் இதைப் பற்றி இனிப் பேச்சில்லை.

மருத்துவரிடம் போனார்கள். "ரயில், புழுதி, கூட்டம்" என்றார் மருத்துவர். "சரி, அதை விடுங்க. அங்க போய்ப் பொண்ணைச் சீருடையில பாத்துட்டு வாயைத் திறக்காம இருந்துடுவீங்களா?" அவள் வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தாள். மருத்துவர் அவனைப் பார்த்தார்.

"இருக்க மாட்டா டாக்டர்" என்றான் அவன்.

வீட்டுக்கு வந்தபிறகு அன்றைக்கு முழுவதும் டம்ளர் கவிழ்ந்தே இருந்தது.

மகள் கூப்பிட்டாள். அவன் போனை ஸ்பீக்கரில் போட்டு டம்ளர் பக்கத்தில் வைத்தான்.

"அம்மா, வர முடியாதா?"

ஒரு தட்டு.

"பரவாயில்லையா?"

ஸ்பூன் கையிலேயே இருந்தது. அந்தப் பக்கம் யாரோ யாரையோ உரக்க அதட்டுவது கேட்டது. பிறகு ஒரு தட்டு. தொழிலில் இத்தனை வருடம் இருந்தவளின் தட்டு. மகளுக்குச் சந்தேகம் வராதபடி தெளிவாக விழுந்தது.

அவன் அணிவகுப்புக்குக் கிளம்பும்போது அவள் எதிரில் வந்து நின்று தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினாள்.

"நானே ரெண்டையும் குத்திடவா?"

அவள் மேசையைப் பார்த்தாள். டம்ளரைத் தட்டவில்லை, கவிழ்க்கவும் இல்லை. சமையலறைக்குள் போய்விட்டாள். அவன் கொஞ்ச நேரம் நின்றான். பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி.

அணிவகுப்பு நாளன்று மாடிவீட்டு அக்கா கூடவே இருந்தாள். "என் வீட்டுக்காரர் வாயை ஓயவிடமாட்டார், உன் வாய் ஓய்ஞ்சு கிடக்கு. ரெண்டு நாளைக்கு மாத்திக்கலாமா?" என்றாள். மைக்கம்மா சத்தமில்லாமல் சிரித்தாள். அக்கா காய் நறுக்கினாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், "இந்நேரம் நடந்துட்டிருக்கும்" என்றாள், மறுபடி நறுக்கினாள். மைக்கம்மா நாற்காலியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்து, மடித்து, பெட்டியில் வைத்தாள். படம் எதுவும் வரப்போவதில்லை. அங்கே போன்களை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அவள் பெற்ற பெண்ணின் வாழ்க்கையில் அவள் இல்லாமல் நடக்கும் முதல் காட்சி அது. இத்தனை வருடம் அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது என்றுதான் நினைத்திருந்தாள். தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் மாலை இருவரும் வந்தார்கள். வாலு சாதாரண உடுப்பில் இருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். தோளை அம்மா தடவிப் பார்த்தாள், வெறும் சட்டை.

"இப்ப கேக்காதே. உக்காரு. அக்கா, நீங்களும் உக்காருங்க."

நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளினார்கள். அவன் சமையலறைக்குப் போய்க் கரண்டியோடு வந்தான். கரண்டியை அவன் பிடித்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பயணிகள் கவனத்திற்கு."

மைக்கம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த இரண்டு சொல்லை எதிரில் உட்கார்ந்து கேட்டதே இல்லை. நன்றாகத்தான் இருந்தது.

"சமையலறையிலிருந்து முன்னறை வரை செல்லும்... செல்லும்... என்னம்மா சொல்லணும்?"

"அதிகாரி" என்றது சமையலறை.

"செல்லும் அதிகாரி இப்போது புறப்படுவார்."

வாலு சீருடையில் வந்தாள். தொப்பி, பளபளக்கும் பூட்ஸ், விறைத்த கைகள். கதவு நிலையில் தொப்பி இடிக்காமல் குனிந்து நிமிர்ந்து, முன்னறையின் நடுவில் வந்து நின்றாள். அவன் கரண்டியை வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து இரண்டு நட்சத்திரங்களை எடுத்து, ஒன்றை இடது தோளில் குத்தினான். சுற்றி நடந்து போய் மற்றதை வலது தோளில் குத்தினான். இரண்டும் நேர். பின்னால் நகர்ந்தான். மகள் வணக்கம் வைத்தாள். அக்கா எழுந்து நின்று கைதட்டினாள்.

டம்ளரில் இரண்டு தட்டு விழுந்தது.

"பிடிக்கலையா?" என்றாள் வாலு.

மைக்கம்மா இரண்டு விரலை நீட்டி, கத்தரிபோல் வெட்டிக் காட்டினாள். பிறகு ஸ்பூனால் இருவரையும் சுட்டினாள்.

அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை புதிது இல்லை; பழகியது. அதை மைக்கம்மா இன்றைக்குத்தான் பார்த்தாள்.

"சொல்லிடலாம்ப்பா" என்றாள் வாலு. தொப்பியைக் கழற்றிவிட்டுத் தரையில் அம்மாவின் முன்னால் உட்கார்ந்தாள். "அம்மா, கோவிச்சுக்காதே. நீ காட்டினது ரெண்டாம் காட்சி. நீ வேலைக்குப் போனப்புறம் அப்பாவுக்கு நான் மூணாம் காட்சி காட்டுவேன். கட் பண்ணினதெல்லாம். சாக்கடையில விழுந்தது, நர்ஸைக் கடிச்சது. அப்பாதான் நர்ஸ்."

"நெஜமாவே கடிச்சா" என்றான் அவன், கையைப் பார்த்துக்கொண்டு.

"மண்ணு சரிஞ்ச அன்னைக்கு நீ மைக்கை அணைச்சு அணைச்சுப் போட்டது. அதையும் காட்டினேன். மேசைக்கு அடியில நான்தானே இருந்தேன்."

மைக்கம்மா கணவனைப் பார்த்தாள்.

"அதை ஒரு தடவைதான் பாத்தேன்" என்றான் அவன். "ரெண்டாவது தடவை காட்டறேன்னா. வேண்டாம்னுட்டேன். பள்ளத்துல விழலையே நான்? தெரிஞ்சுக்கிட்டுத்தான் ஓட்டினேன்."

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். டம்ளரில் ஒரு தட்டு. பிறகு விரலைச் சுழற்றிக் காட்டினாள்: முதலிலிருந்து.

வாலு எழுந்து நின்றாள். இந்த முறை அவன் இடது தோள் நட்சத்திரத்தைக் கழற்றி மறுபடி குத்தினான். திருகு கீழே விழுந்தது. அவன் முழங்காலிட்டுத் தேடினான். "புல்தரைம்மா. இருக்கறதுலயே நல்ல பேண்ட்" என்றாள் வாலு, உதட்டை அசைக்காமல், நேரே பார்த்தபடி. "நான் குனியக்கூடாது. எல்லார் அப்பாவும் நிக்கறாங்க, என் அப்பா மட்டும் என் பூட்ஸைக் கும்பிட்டுக்கிட்டிருக்கார். 'இடது கால் பக்கம்ப்பா'ன்னு சொல்றேன். இவர் வலது பக்கம் தேடறார். யாருடைய இடதுன்னு கேக்கறார்."

அக்கா சிரித்ததில் நாற்காலி ஆடியது. மைக்கம்மா தொண்டையைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, சத்தமில்லாமல் சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது. அது நிற்கும்வரை காத்திருந்துவிட்டு, தன் வலது தோளைத் தொட்டாள்.

அவன் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"நான் குத்தல. அது உன் இடம். பயிற்சி கொடுக்கறவர் வந்து, சீக்கிரம், சீக்கிரம்ங்கறார். அடுத்து நின்ன பையனோட அம்மா, கண்ணாடி போட்டவங்க, என்னைப் பாத்துட்டே இருந்தாங்க. அவங்ககிட்டக் குடுத்தேன். 'உங்க வீட்டம்மா கோவிச்சுக்க மாட்டாங்களா?'ன்னு கேட்டாங்க. கோவிச்சுக்குவா, ஆனா இப்ப பேச முடியாதுன்னேன்."

முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் விரல்கள் அந்தத் துணிக்கு அடியில் போய்த் திருகைத் திருகியிருக்கின்றன. மைக்கம்மா மகளின் வலது தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்பூன் டம்ளரின் விளிம்பில் இருந்தது. டம்ளரைக் கவிழ்க்கப்போகிறாள் என்று அவன் நினைத்தான்.

"குத்தும்போது என் காதுல ஒண்ணு சொன்னாங்க" என்றாள் வாலு. "'இது நான் குத்தினதுன்னு நினைக்காதேம்மா. பஸ்ஸுல துண்டு போட்டு இடம் பிடிக்கறதில்லையா, அந்த மாதிரி. உங்க அம்மாவுக்காகப் போட்டு வைக்கறேன். அவங்க வந்து துண்டை எடுத்துட்டு உக்காந்துக்கட்டும்.'"

மைக்கம்மா எழுந்தாள். பேருந்து நிலையத்தில் வாழ்நாளைக் கழித்தவளுக்குத் துண்டைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. அதற்கு மரியாதை உண்டு. அதைப் போட்டவரை யாரும் மறப்பதில்லை. ஆனால் இடம் யாருக்காகப் பிடித்ததோ அவருக்குத்தான். மகளின் முன்னால் போய் நின்றாள். வலது தோளின் கீழே விரலை விட்டுத் திருகைக் கழற்றினாள். நட்சத்திரம் உள்ளங்கையில் விழுந்தது. அதைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். வாலு சட்டென்று விறைத்து நின்றாள், அங்கே நின்றதுபோல, நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு. தாடையில் தழும்பு தெரிந்தது.

நாற்காலி மூச்சு விடாது. இந்தத் தோள் ஏறி இறங்கியது. துணிக்கு மேலே நட்சத்திரம், கீழே திருகு, நடுவில் விரல். இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. இறுகும்வரை திருகினாள். பின்னால் நகர்ந்து பார்த்தாள்.

அக்கா கைதட்ட மறந்துபோனாள்.

கணவன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். இத்தனை வருட ராணுவம் கண்ணில் இருந்தது. கை தானாக நீண்டது. ஒரு விரல், நட்சத்திரத்தின் ஒரு முனையை லேசாகத் தள்ளிவிட்டால் போதும், நேராகிவிடும்.

டம்ளரில் இரண்டு தட்டு.

விரலை மடக்கிக்கொண்டான்.